டிமென்ஷியா உள்ள துணைக்குக் கழிவறையிலும் குளியலிலும் உதவுதல்: சிக்கல் வாரியான வழிமுறை

கணவன் மனைவிக்கு இடையே எத்தனை ஆண்டு நெருக்கம் இருந்திருந்தாலும், ஒருவர் மற்றவரைக் கழிவறையில் உட்கார வைப்பதும் கழுவி விடுவதும் அந்த நெருக்கத்துக்குப் பழகிய வேலைகள் அல்ல. டிமென்ஷியா என்னும் மறதி நோய் அவற்றை முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. கீழே ஒவ்வொரு சிக்கலையும் அது கண்ணுக்குத் தெரியும் விதத்தை வைத்தே தலைப்பிட்டு, அதன் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களையும் செய்து பார்க்க வேண்டியவற்றையும் எழுதியிருக்கிறேன். இன்று உங்கள் வீட்டில் எது நேர்ந்ததோ அந்தத் தலைப்பிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

எந்தச் சிக்கலானாலும் காரணம் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் உடல், அடுத்து இடம், அதற்கும் அடுத்து நாம் உதவும் விதம். 'வேண்டுமென்றே செய்கிறார்' என்னும் எண்ணத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. ஒருவரைத் துன்புறுத்தத் திட்டமிடுவதற்கு, நடந்ததை நினைவில் வைத்திருக்கவும் அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டி எண்ணவும் வேண்டும். இந்த நோய் பறித்துக்கொள்வது அந்த இரண்டு திறன்களைத்தான்.

நேற்றுவரை கட்டுப்பாடு இருந்தது, இன்று திடீரென்று ஆடையில் போகிறது

'நோய் முற்றுகிறது' என்று முடிவு கட்டி டயப்பர் வாங்கப் புறப்படுவதற்கு முன், மருத்துவரைப் பாருங்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் நோய். ஓரிரு நாட்களில் தோன்றும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும்.

சிறுநீர்ப்பாதை நோய்த்தொற்று அவற்றுள் ஒன்று. முதியவர்களுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல், திடீர்க் குழப்பமாகவும் தூக்கக் கலக்கமாகவும் மட்டுமே அது வெளிப்படக்கூடும். ஆனால் முதியவர்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலேயே சிறுநீரில் கிருமிகள் இருப்பதுண்டு. ஆகவே பரிசோதனையில் கிருமி தெரிந்ததாலேயே எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு செய்துவிட முடியாது. மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார் என்பதால், எப்போது தொடங்கியது, நிறம் மாறியதா, வலி தெரிகிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது காரணம் மலச்சிக்கல். குடலில் இறுகித் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி கசிவு ஏற்படும். சில வேளைகளில் இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் வழிந்து, பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு போலவே தோன்றும். அதை நம்பி வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பல நாட்கள் சரியாக மலம் போகாமல் இருந்து, பிறகு திடீரென்று தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

மூன்றாவது மருந்துகள். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். நினைவாற்றலுக்காகத் தரப்படும் டோனெபெசில் போன்ற மருந்துகளே சிலருக்குச் சிறுநீர் அவசரத்தை உண்டாக்கும். அந்த அவசரத்தை அடக்குவதற்கென்று ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்தைச் சேர்த்தால், அது டோனெபெசிலின் செயலுக்கு நேர் எதிராக வேலை செய்வதோடு குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கூட்டக்கூடும். ஒரு மருந்தின் பக்க விளைவுக்கு இன்னொரு மருந்து என்று சங்கிலி நீள்வதைத் தடுக்க, எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுவதுதான் நல்ல வழி. நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கி, சொட்டுச் சொட்டாக வழிவதுண்டு. பல மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்பி வலித்தாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும், காய்ச்சலோடு குழப்பம் கூடினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மறதி இன்னும் லேசாக இருக்கும்போதே கசிவு தொடங்கி, நடையும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தளர்ந்திருந்தால், மூளையின் உட்குழிகளில் நீர் தேங்கும் ஒரு நிலை இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நடைத் தளர்ச்சி, மறதி, சிறுநீர்க் கசிவு ஆகிய மூன்றும் கூடி வரும் அந்நிலையை, அதிகப்படியான நீரை வடிக்கும் குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சையால் பலருக்குத் தணிக்க முடிகிறது.

அறை மூலையில், குப்பைத் தொட்டியில், பூந்தொட்டியில் சிறுநீர் கழிக்கிறார்

உடல் தன் வேலையைச் செய்கிறது, கழிவறை எங்கே, எது என்பதுதான் பிடிபடவில்லை என்று பொருள். இங்கே இடத்தை மாற்ற வேண்டும். கழிவறைக் கதவைத் திறந்தே வைத்து உள்ளே விளக்கை எரிய விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கழிவறை அவரைப் பொறுத்தவரை இல்லாத கழிவறையே. கதவில் எழுத்துடன் கமோடின் படத்தையும் ஒட்டுங்கள். முதியவர்கள் பெரும்பாலும் தலை தாழ்த்தியே நடப்பார்கள் என்பதால் அதைச் சற்றுத் தாழ்வாக ஒட்டுவது நல்லது.

வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்று எல்லாம் ஒரே நிறமாக இருந்தால், எங்கே உட்காருவது என்பதே அவர் கண்ணுக்குப் புலப்படாது. கமோடின் இருக்கையை மட்டும் அடர் நிறத்துக்கு மாற்றினால் போதும். மாறாக, தரையில் கிடக்கும் கருநிற மிதியடி அவருக்கு ஒரு பள்ளமாகத் தெரியக்கூடும், அதனாலேயே வாசலில் நின்றுவிடுவார். அதை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே அந்நியர் என்று எண்ணி, 'உள்ளே யாரோ இருக்கிறார்கள்' என்று திரும்பிவிடுபவர்களும் உண்டு. அப்படியானால் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். அவர் தவறாகப் பயன்படுத்தும் தொட்டிகளை அப்புறப்படுத்துங்கள். எப்போதும் ஒரே மூலைக்குத்தான் போகிறார் என்றால், அங்கேயே நகர்த்தக்கூடிய கமோடு நாற்காலி ஒன்றை வைத்துவிடலாம், அதில் தவறு ஏதும் இல்லை.

கழிவறைக்குப் போகலாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார், சற்று நேரத்தில் ஆடையிலேயே போய்விடுகிறார்

கேள்வியாகக் கேட்பதை நிறுத்துவதே முதல் மாற்றம். சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வைப் புரிந்துகொண்டு, அதைச் சொல்லாக்கி, நடக்கத் தொடங்குவது என்பது அவருக்கு இப்போது நீண்ட சங்கிலி. 'வேண்டாம்' என்பது அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் தேவைப்படாத எளிய பதில். 'வாங்க, இப்படிக் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்' என்று கையைக் கொடுத்துக் கழிவறை வாசல்வரை அழைத்து வந்துவிடுங்கள். இடத்தைக் கண்டதும் பழக்கம் தானே வேலை செய்யும்.

அழைத்துச் செல்வதற்கான நேரத்தை அவரது உடலிடமே கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று நாட்களுக்கு, எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் ஓர் ஒழுங்கு தெரியவரும். அது தெரியும்வரை, விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது நல்ல தொடக்கம். நனைந்த நேரங்கள் தெரிந்த பின், அவற்றுக்கு அரை மணி நேரம் முன்னதாக அழைத்துச் செல்லும்படி அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்கள். உணவு வயிற்றுக்குள் சென்றதும் பெருங்குடல் இயங்கத் தொடங்கும் என்பதால், காலை உணவு முடிந்து 20 முதல் 30 நிமிடங்களில் கமோடில் உட்கார வைத்தால் மலம் கழிப்பதும் நாளடைவில் ஒழுங்குக்கு வரும்.

நேரத்தோடு குறிப்புகளையும் கவனியுங்கள். இருக்கையில் நெளிவது, காரணமின்றி எழுந்து உலாவுவது, ஆடையைப் பிடித்து இழுப்பது, திடீரென்று எரிச்சலடைவது ஆகிய இவை சொல்ல முடியாத ஒருவரின் சொற்கள். ஆடையும் தடையாக இருக்கலாம். பொத்தானையும் கொக்கியையும் நாடா முடிச்சையும் அவிழ்ப்பதற்குள் காலம் கடந்துவிடும். எலாஸ்டிக் இடுப்பு கொண்டவை, ஒட்டுப்பட்டை வைத்தவை என மாற்றிவிட்டால் அவரே கழற்றிக்கொள்ளும் காலம் இன்னும் சில மாதங்கள் நீளும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடர்ந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டுகிறது. மலமும் இறுகுகிறது. நோய்த்தொற்றும் எளிதில் வருகிறது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர்ம உணவு உள்ளே போக வேண்டும். குறைக்க வேண்டியது காபியையும் தேநீரையும்தான், குறிப்பாக மாலைக்கு மேல்.

கமோடு வரை வருகிறார், உட்கார மாட்டேன் என்கிறார், உட்கார்ந்தாலும் எதுவும் வருவதில்லை

பின்னால் இருக்கும் பொருளைப் பார்க்காமல் பின்பக்கமாக உட்காருவது, இடத்தை அளவிடும் திறன் குறைந்தவருக்கு விழுவதற்குச் சமமான அச்சத்தைத் தரும். முதலில் கமோடை அவர் பார்க்கட்டும், கையால் தொடட்டும். பிறகு மெதுவாகத் திரும்பி, காலின் பின்புறம் இருக்கையில் படும்வரை வரவிட்டு, பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் அவர் கையை வைத்து, 'உட்காருங்க' என்று ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் உயர்த்தும் வளையம் பொருத்தலாம். குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே இருக்கும் வீட்டில், அதன் மேல் வைக்கக்கூடிய கமோடு நாற்காலி தவிர்க்க முடியாத தேவை. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது வழுக்கி விழுவதையும் தரை நனைவதையும் ஒருசேரக் குறைக்கும்.

உட்கார்ந்தபின் பாதங்கள் தரையிலோ சிறு பலகையிலோ நன்றாகப் பதிந்திருக்க வேண்டும், உடல் சற்று முன்னால் சாய வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு நீரோசை கேட்கச் செய்வது பலருக்கு உதவும். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுபவர் கையில் துண்டு ஒன்றைக் கொடுத்து மடிக்கச் சொன்னால் இருந்துகொள்வார். நீங்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மடியில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். மற்றவர் பார்க்கக் கூடாது என்ற கூச்சம் நினைவாற்றல் போன பிறகும் நெடுங்காலம் நிலைத்திருக்கிறது.

இரவில் படுக்கை நனைகிறது

தண்ணீர் நாள் முழுவதும் தாராளமாக இருக்கட்டும், படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பிலிருந்து குறைந்துகொண்டே வரட்டும். படுக்கைக்குப் போகும் முன் ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பகலில் கால்கள் வீங்கும் பழக்கம் இருந்தால், அங்கே தேங்கிய நீர் படுத்த பின் இரத்தத்தில் திரும்பி இரவு முழுவதும் சிறுநீராக வெளியேறும். பிற்பகலில் ஓரிரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்தால் அந்த நீர் இரவுக்கு முன்பே போய்விடும். நீர் மாத்திரை கொடுக்கும் வேளையை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையோடு ஒட்டிய மங்கலான விளக்குகள் எரியட்டும். தொலைவு கூடுதலாக இருந்தால் கட்டிலருகே கமோடு நாற்காலி அல்லது ஆண்களுக்குச் சிறுநீர்ப் புட்டி போதும். எழுந்தவுடன் நடக்க விடாமல், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள். திடீரென எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவது இரவில்தான் எளிதில் நேர்கிறது. படுக்கைக்கு நீர்புகாத உறை, அதன் மேல் துவைத்துப் பயன்படுத்தும் உறிஞ்சு விரிப்பு என இரண்டு அடுக்கு இருந்தால் நள்ளிரவில் மேலடுக்கை மட்டும் உருவினால் போதும். உங்கள் தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு என்பதால், இரவுக்கு மட்டும் நன்கு உறிஞ்சும் டயப்பரைப் பயன்படுத்தி அவரையும் தூங்க விட்டு நீங்களும் தூங்குவது முற்றிலும் சரியான முடிவு.

மலத்தைக் கையில் எடுக்கிறார், சுவரில் பூசுகிறார், அழுக்கு ஆடைகளை ஒளித்து வைக்கிறார்

கண்டவுடன் நெஞ்சு உடைந்துபோகும் காட்சி இது என்பதை அறிவேன். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஆசனவாயில் ஏதோ உறுத்துகிறது, அதை எடுக்கிறார், கையில் ஒட்டியதைத் துடைக்க இடம் தேடுகிறார். அதாவது அவர் சுத்தம் செய்ய முயன்றிருக்கிறார். மலச்சிக்கல், மூலம், அரிப்பு, நெடுநேரம் மாற்றப்படாத டயப்பர் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். நகங்களை ஒட்ட வெட்டி வையுங்கள். மலம் கழித்தவுடன் கழுவி உலர்த்துவதை ஒழுங்காக்கினால் இது பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நேரத்தில் சினத்தைக் காட்டினால் காரணம் அவருக்குப் புரியாது, அச்சம் மட்டும் தங்கிவிடும். முதலில் கையை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், சுவர் காத்திருக்கட்டும்.

ஆடைகளை ஒளித்து வைப்பது வெட்கத்தால் நிகழ்வது. மூடியுள்ள கூடை ஒன்றை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ஏன் ஒளித்தார் என்று ஒருபோதும் கேட்காமல் இருப்பதுதான் தீர்வு.

குளிக்க மறுக்கிறார், தண்ணீர் பட்டால் கத்துகிறார்

எல்லாச் சிக்கல்களிலும் கணவன் மனைவிக்குள் அதிக வேதனையைத் தருவது இதுவே என்று கருதுகிறேன். நாள்தோறும் நடக்கும் வாக்குவாதம் ஒரு முழு நாளின் அமைதியையும் கெடுத்துவிடுகிறது. ஆகவே முதலில் எதிர்பார்ப்பைத் தளர்த்துங்கள். முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இருந்தால் உடல்நலத்துக்குப் போதும். நாள்தோறும் தவறாமல் வேண்டியவை முகம், கைகள், அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, பாதம் ஆகியவற்றின் சுத்தம் மட்டுமே.

மறுப்பவரிடம் காரணத்தைக் கேட்டுப் பயனில்லை, நாமே கண்டுபிடிக்க வேண்டும். குளிர் ஒரு காரணம்: ஆடையைக் களைவதற்கு முன்பே அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வலி மற்றொன்று: மூட்டுவலி உள்ளவருக்குக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாக, மருத்துவர் அனுமதித்த வலி மாத்திரையைக் கொடுத்தால் கையைத் தூக்கும்போது கத்தமாட்டார். தலையில் ஷவர் நீர் கொட்டுவது பலருக்குத் தாக்குதல் போலவே இருக்கும். ஆகவே கையில் பிடிக்கும் ஷவரையோ குவளையையோ பயன்படுத்தி, பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். முகமும் தலையும் கடைசி. தலைமுடியை வேறொரு நாளில் தனியாக அலசினாலும் போதும். முழு நிர்வாணம் தரும் கூச்சத்துக்கு, பெரிய துண்டைத் தோளிலும் மடியிலும் போர்த்தி, கழுவும் பகுதியை மட்டும் விலக்கி மறுபடி மூடுவது மிக நல்ல பலன் தருகிறது. துண்டு நனைந்தால் நனையட்டும்.

நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் சோதியுங்கள். உடல் வெப்பத்தை ஒட்டி, 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நலம். வெந்நீர்ச் சூடேற்றியை 49 டிகிரிக்கு மேல் போகாதபடி அமைத்துவிடுங்கள், ஏனெனில் சூடு சுடுகிறது என்று சொல்லவோ விலகவோ அவருக்கு நேரமாகலாம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் ரப்பர் அடி கொண்ட குளியல் நாற்காலி, தரையில் வழுக்காத விரிப்பு, சுவரில் திருகி முடுக்கிய கைப்பிடி ஆகிய மூன்றும் கட்டாயம். சோப்பு, துண்டு, மாற்று ஆடை எல்லாம் அழைப்பதற்கு முன்பே கைக்கெட்டும்படி இருக்கட்டும். நடுவில் ஒரு கணம்கூட அவரைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது.

அவர் வாழ்நாளெல்லாம் எந்த வேளையில் குளித்தாரோ அந்த வேளையிலேயே அழையுங்கள். மாலையில் குழப்பம் கூடுபவருக்கு மாலைக் குளியல் வேண்டாம். 'குளிக்கணும்' என்பதைச் சொல்லாமலே தொடங்கலாம். 'கால் கழுவிக்கலாம், வாங்க' என்று பாதத்தைக் கழுவத் தொடங்கினால், பல நாட்களில் அது தானாகவே முழுக் குளியலாகிவிடும். சோப்புத் தடவிய துணியை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அவர் கையின் அடியில் வைத்து நகர்த்தினால், தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் உணர்வு அவருக்குக் கிடைக்கும். கடுமையாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். 15 நிமிடம் கழித்துப் புதிதாக அழைத்தால், முன்பு மறுத்தது நினைவில் இல்லாமல் இசைந்து வருவதுண்டு. அப்படியும் முடியாத நாளில், கட்டிலிலேயே போர்வைக்குள் வைத்து, வெதுவெதுப்பான ஈரத் துணியால் பகுதி பகுதியாகத் துடைத்தெடுப்பது குளியலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

டயப்பரைக் கழற்றி எறிகிறார், தோல் சிவந்து புண்ணாகிறது

கழற்றுவது உறுத்தலால். அளவு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கலாம், ஈரமாகியிருக்கலாம், அல்லது அது தன் உள்ளாடை இல்லை என்று அவருக்குத் தோன்றலாம். நடமாடுபவருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் வகையைவிட, உள்ளாடை போலக் காலில் ஏற்றும் வகை பொருந்தும். குழந்தைக்கு வாங்கும் பொருளின் பெயரால் அதைக் குறிப்பிடாமல் உள்ளாடை என்றே சொல்லுங்கள்.

தோலுக்கு எதிரி ஈரம். ஒவ்வொரு முறையும் மென்மையான, வாசனையற்ற சுத்திகரிப்பானால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி கலந்த தடுப்புக் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் அது பேடில் ஒட்டி உறிஞ்சுதலைக் கெடுக்கும். பவுடர் மடிப்புகளில் கட்டியாகும் என்பதால் வேண்டாம். முதுகின் கீழெலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, கருநிறத் தோலாயின் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கடினமாகவோ தென்படும் திட்டு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். அதைக் கண்ட அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். கசிவை மட்டும் காரணமாகக் காட்டி நிரந்தரக் கதீட்டர் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வடிக்கும் குழாய்) போடச் சொல்லிக் கேட்க வேண்டாம். அது நோய்த்தொற்றைக் கொண்டுவருவதோடு, குழப்பத்தில் அவர் அதைப் பிடித்து இழுத்துக் காயமும் ஏற்படலாம்.

பல் துலக்க வாயைத் திறப்பதில்லை

எதிரே உட்கார்ந்து நீங்களும் துலக்குங்கள், அவர் பார்த்துச் செய்வார். மென்மையான சிறிய பிரஷ்ஷும் மிகக் குறைந்த பற்பசையும் போதும். வழக்கமாக இசைபவர் திடீரென்று மறுத்தால் பல் வலியையோ ஈறுப் புண்ணையோ தேடுங்கள். செயற்கைப் பற்களை இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் ஊறவிட வேண்டும், கொதிநீரில் அவை வளைந்துவிடும். வாயின் சுத்தம் பல்லோடு முடிவதில்லை. விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவருக்கு வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குச் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும்.

உங்களை யாரென்று தெரியாமல் தள்ளிவிடுகிறார்

அந்த நேரத்தில் நீங்கள் அவருக்கு, ஆடையைக் களைய வரும் ஓர் அந்நியர். 'நான்தான் உங்க மனைவி, தெரியலையா?' என்று சோதித்தால் அவரது அச்சம் இரட்டிப்பாகும். பின்வாங்கி, அவர் பார்வைக்குள் முன்பக்கமாக வந்து, பெயரைச் சொல்லி அழைத்து, தொடுவதற்கு முன் எதைத் தொடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சிலருக்குத் துணையிடம் மறுக்கும் உதவியைச் சீருடை அணிந்த உதவியாளரிடம் ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கிறது. அதை உங்கள் அன்பின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவரைத் தூக்குவது உங்கள் முதுகெலும்பின் வேலை அல்ல. அக்குளில் கைவிட்டு இழுப்பது அவர் தோளையும் உங்கள் இடுப்பையும் ஒருசேரக் கெடுக்கும். இடுப்பில் கட்டும் பிடிபட்டையை எப்படிப் பயன்படுத்துவது, எழும்போது மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்படி அவரை எப்படி முன்னால் சாய வைப்பது என்பவற்றை ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரத்தில் செய்து காட்டுவார். கழிவறையில் அவர் விழுந்துவிட்டால் உடனே தூக்க முயலாதீர்கள். வலி எங்கே என்று பார்த்து, போர்வையால் மூடி, எழ முடியாத நிலையிலோ தலையில் அடிபட்டிருந்தாலோ ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருங்கள்.